பந்தியில் நாப்பது நிமிஷம்

வேண்டாங்க. நீங்களே சாப்புடுங்க. அய்யோ, மொகம் சுளிக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க. பன்னு நல்ல பன்னுதான், வாசமே சொல்லுது. எனக்கு ஆகாதுங்க. சக்கரையா? சக்கரை இருந்துச்சு, இப்ப ஒரு மாத்திரையோட நிக்குது. விரதமும் இல்லீங்க. என்ற வயித்துல ஒரு பட்டை கட்டியிருக்குது. ஆப்ரேசன் பண்ணிக் கட்டுனது. பன்னு உங்களுக்குப் பஞ்சு மாதிரி. எனக்கு அது உள்ள போய் உருண்டையாகி நெஞ்சுல கல்லாட்ட உக்காந்துக்கும்.

நீங்க சாப்டுட்டே கேளுங்க, பஸ்ஸு கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நேரமிருக்குது. மத்தவங்க சாப்டறதைப் பாக்கறது எனக்குப் புடிக்கும். நெசமாத்தான் சொல்றேன். நல்லா மென்னு சாப்புடுங்க.

என்ற பேரு வசந்தாமணி. கோபியில பிளவுஸ் தைக்கற கடை வெச்சிருக்கறேன். இருவத்தாறு வருசம் ஆச்சு. ஊருல பாதிப் பொம்பளைகளோட மாரளவு, இடுப்பளவு, கையளவு அத்தனையும் என்ற நோட்டுல இருக்குது. ஒருத்தி அளவை இன்னொருத்தி கிட்ட நான் சொன்னதே இல்லீங்க. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல நாலு இன்ச்சு கூடியிருப்பா, "போன தடவை மாதிரியே தானுங்க்கா"ம்பா, நானும் "ஆமா கண்ணு"ன்னு சொல்லிட்டுத் துணியைக் கூட விட்டு வெட்டுவேன். அப்படிப்பட்டவ நான். ஆனா என்ற அளவை மட்டும் ஊரே பேசும். பஸ் ஸ்டாண்டுல எறங்கி வழி கேட்டீங்கன்னா, "எந்த வசந்தாமணி, அந்தக் குண்டு டெய்லரா?"ன்னுதான் கேப்பாங்க. நூத்திப் பன்னெண்டு கிலோ இருந்தேன். பாத்தா தெரியலையா? தெரியாது. இப்ப எழுபத்தொம்பது.

யாரு பேசுனதுக்காகவும் நான் பண்ணிக்கலை. அதை மொதல்லயே சொல்லிர்றேன். ஊர்ப்பேச்சை நான் காதுலயே போட்டுக்கறதில்லை. எலக்ட்ரிக் கடைக்காரன் "அக்கா, ஸ்கூட்டி டயரு பாவமுங்க"ன்னான். அது ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கெழம. டீச்சரு ஒருத்தி, என்ற கடைச் சேர்ல உக்கார வந்து, "இது உங்க சேரா, பரவால்ல நான் நின்னுக்கறேன்"னா. அது அதுக்கு அடுத்த வருசம், பள்ளிக்கூடம் தொறந்த வாரம். இதையெல்லாம் நான் மனசுலயே வெச்சுக்கறதில்லீங்க.

முட்டிக்காகத்தான் பண்ணுனேன். மிசின மிதிக்க முடியலை. மோட்டார் போட்டேன், அப்பறம் எந்திரிச்சு நிக்கவே முடியலை. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, முட்டி டாக்டர் பாத்துட்டு, "இந்த எடையில முட்டியை மாத்துனாலும் தாங்காதும்மா, மொதல்ல எடையைக் கொறைங்க"ன்னாரு. கொறைக்காம என்னங்க? பட்டினி கெடந்தேன், கொள்ளு குடிச்சேன், நடந்தேன். ஆறு கிலோ போகும், எட்டு கிலோ வரும். அப்பறம் அதே ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர்கிட்ட அனுப்புனாங்க. அவங்கதான் படம் போட்டுக் காமிச்சாங்க. வயித்தோட மேல்பக்கத்துல ஒரு பட்டையை மாட்டி இறுக்கிருவாங்க. அதுக்கு மேல எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் எடம் இருக்கும். ரெண்டு கரண்டி போனாலே ரொம்பிரும். இங்க, தொப்புளுக்குப் பக்கத்துல தோலுக்கு அடியில ஒரு பட்டன் வெச்சிருக்கறாங்க. அது வழியா ஊசில தண்ணி ஏத்துனா பட்டை இறுகும், எடுத்தா தளரும். நான் உடனே கேட்டேன், "ஏனுங்க டாக்டர், பாவாடை நாடா மாதிரிங்களா?" அந்தம்மா சிரிச்சிருச்சு. "அதேதான்"னுச்சு. நாடான்னா எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு நாப்பத்தேழு வயசு.

வீட்டுல யாரும் ஒத்துக்கலை. என்ற வீட்டுக்காரர் நாச்சிமுத்து, பால் சொசைட்டியில இருக்கறாரு, வாயே தொறக்காத மனுசன். அவரே "எதுக்கு வசந்தா, இப்படியே நல்லாத்தான இருக்கற"ன்னாரு. பெங்களூர்ல இருந்து மக போன்ல அழுதா. ஆனா குதிச்சது அவரோட அக்கா. நாங்க நங்கைன்னு கூப்புடுவோம். ராசாமணி நங்கை.

அவங்களைப் பத்திச் சொல்லணும். கல்யாணமாகி வந்தப்ப எனக்கு இருவது வயசு. மாமியார் இல்லாத வீடு. நங்கை ரெண்டு தெரு தள்ளி இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் அப்பவே தவறிட்டாரு, ஒரு பொண்ணு, ஒரு பையன். சமையல்னா அவங்க சமையல். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குனாங்கன்னா தெருமொனை வரைக்கும் மணக்கும். இடியாப்பமாட்ட சந்தகை புழிஞ்சு, தேங்காப்பால் ஊத்தி, "இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை"ன்னு வெப்பாங்க. அவங்க பொண்ணு கொறிக்கும். பையன் வளந்தப்பறம் செல்லைப் பாத்துட்டு முழுங்குவான். நான்தான் உக்காந்து ருசிச்சுச் சாப்டுவேன். நெய் கையில வழியும், நக்குவேன். அவங்க எதுத்தாப்புல முட்டியைக் கட்டிட்டு உக்காந்து என்ற மொகத்தையே பாத்துட்டிருப்பாங்க. "உனக்குச் சமைக்கறதுதான் கண்ணு சமையல்"ம்பாங்க. இப்ப யோசிச்சா, என்னைய நூத்திப் பன்னெண்டு கிலோ ஆக்குனதே அவங்கதான். என்ன நான் சொல்றது?

அவங்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. "நல்லா இருக்கற வயித்தைக் கட்டிப் போடறவளைப் பாக்க நான் வர மாட்டேன்"னு சொல்லி அனுப்புனாங்க. வராட்டிப் போங்க.

ஆப்ரேசன் ஒண்ணும் பெருசில்லை. பொறகுதான் இருக்குது. மொத ரெண்டு வாரம் தண்ணியாட்டவே எல்லாம். தெளிஞ்ச மோரு, வடிகட்டுன சூப்பு, எளநி. அடுத்த ரெண்டு வாரம் கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி மசிச்சது. பேத்தி சங்குல நான் கஞ்சி குடிச்சேன், பாத்துக்கங்க. அப்பறம் கட்டிச் சோறு. கட்டின்னா, ரெண்டு டேபிள் ஸ்பூன். ஒரு வாயை முப்பது தடவை மெல்லணும். சின்ன ஸ்பூன்லதான் எடுக்கணும். சாப்டறப்ப தண்ணி குடிக்கக்கூடாது, சாப்ட்டு அரை மணி நேரத்துக்கும் கூடாது. இதையெல்லாம் ஒரு ஒல்லிப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. இருவத்தி நாலு இடுப்பு இருக்கும். "பழகிரும் ஆன்ட்டி"ன்னுச்சு. உனக்கென்ன கண்ணு தெரியும்னு மனசுல நெனைச்சேன்.

நாப்பத்தேழு வருசமா சாப்ட்டவளுக்கு, சாப்டறது எப்படின்னே தெரியலீங்க. மொதமொதல்ல இட்லி. பாதி இட்லி. பழைய ஞாபகத்துல ரெண்டே வாயில போட்டுட்டேன். நெஞ்சுக்கு நடுவுல, இங்க, யாரோ முட்டியை வெச்சு அழுத்தற மாதிரி வந்துச்சு பாருங்க. உள்ளயும் போகாது, வெளியயும் வராது. வாயில எச்சி எச்சியா ஊறுது. கண்ணுல தண்ணி. இருவது நிமிஷம் வாஷ்பேசினைப் புடிச்சுட்டு நின்னேன். வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு "வசந்தா, வசந்தா"ங்கறாரு. பதில் சொல்ல வாய் இல்லை. கடைசில அந்த இட்லி போன மாதிரியே வந்துச்சு. அன்னைக்கு அழுதேன். ஒரு நாள்தான். மறுநாள் கடியாரத்தைப் பக்கத்துல வெச்சுட்டு, கால் இட்லியை இருவத்தஞ்சு நிமிஷம் சாப்ட்டேன். எறங்குச்சு. எறங்கிருச்சுங்க! மிசின் மேல தட்டிச் சிரிச்சேன்.

அப்பறம் கத்துக்கிட்டேன். எது எறங்கும், எது எறங்காதுன்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதுனேன். தோசை மொறுமொறுன்னா எறங்கும், மெத்துன்னா நிக்கும். கோழி நெஞ்சுக்கறி ஆகாது, மீனு ஆகும். சோறு கொழைஞ்சாத்தான். கோவம் வந்த நாள்ல எதுவுமே எறங்காது.

சமையலை மட்டும் நான் விடலை. விடுவனா? முன்னாடிக்கு இப்பத்தான் நல்லாச் சமைக்கறேன். கறிக் கொழம்பு, வறுவல், ஒப்பிட்டுன்னு ஞாயித்துக்கெழமை ஆனா வீடே மணக்கும். அவருக்குப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்துக்குவேன். "போதும் வசந்தா"ம்பாரு. "ஒரே ஒரு கரண்டி"ம்பேன். அவரு சாப்டறதைப் பாத்தாலே எனக்கு ரொம்பிரும். இப்ப அவருக்குப் பேண்ட்டெல்லாம் பத்தறதில்லை, இந்த வருசத்துல மூணு தடவை நான்தான் பிரிச்சு விட்டேன். போன மாசத்துல இருந்து மாடிப்படியில மூச்சு வாங்குது. அம்பது தாண்டுன ஆம்பளைக்கு அது சகஜந்தானுங்க?

சரி, நங்கை விசயத்துக்கு வர்றேன். ஆப்ரேசன் ஆகி நாலு மாசம். இருவது கிலோ போயிருச்சு. ஒரு நாள் அவங்களே கூப்ட்டு விட்டாங்க. போனா, நடு ஹால்ல எலை போட்டு வெச்சிருக்கறாங்க. சந்தகை, தேங்காப்பால், அரிசிம்பருப்பு, நெய்யி, கத்திரிக்காப் பொரியல், வெல்லம் போட்ட கச்சாயம். காலையில நாலு மணிக்கே எந்திரிச்சிருப்பாங்க. நான் வாசல்லயே, "நங்கை, எனக்கு ரெண்டு ஸ்பூன் போதும், கொழைய மசிச்சு"ன்னேன். "ஆப்ரேசன்தான் ஆயிருச்சுல்ல, இன்னும் என்ன? உக்காரு"ன்னாங்க.

உக்காந்தேன். மூணு வாய். நல்லாத்தான் மென்னேன். ஆனா அவங்க எதுத்தாப்புல உக்காந்து பாக்கறாங்களே, அந்தப் பார்வையில நாலாவது வாயைக் கொஞ்சம் வெசையா முழுங்கிட்டேன். சந்தகை. நூலு நூலா உள்ள போய்ச் சிக்கிக்கிச்சு. எந்திரிச்சு ஓடுனேன். கொல்லையில முருங்கை மரத்தடியில எல்லாம் வந்திருச்சு.

திரும்பிப் பாத்தா பின்னாடி நிக்கறாங்க. கையில சொம்புத் தண்ணி. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது.

"என்ற கைச் சோறு உனக்கு வாந்தி வருதா, வசந்தா?"

"சோறு இல்லீங்க நங்கை, பட்டை. பட்டை அப்படி."

"இருவத்தெட்டு வருசம் எறங்குனது இன்னைக்கு எறங்கலையா?"

"எறங்கித்தான் இந்த நெலைமைக்கு வந்தேன்!"ன்னுட்டேன். சொன்னா என்னங்க, உண்மைதானே?

அவங்க சொம்பை அந்தத் தொவைக்கற கல்லு மேல வெச்சாங்க. உள்ள போய் அந்த எலையை அப்படியே எடுத்து, சந்தகை, பருப்பு, கச்சாயம் எல்லாத்தோட, மாட்டுத் தொட்டியில கொட்டிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எவ்வளவு திமிரு! செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன்.

அஞ்சு மாசம் பேச்சு இல்லை. தெருவுல பாத்தா அவங்க அக்கட்டால திரும்பிக்குவாங்க, நானும் திரும்பிக்குவேன். ஒறம்பரைக, சொந்தபந்தம் கிட்டயெல்லாம் சொன்னாங்களாம்: "அவ மூஞ்சியில களையே போச்சு, சீக்காளியாட்ட இருக்கறா." என்ற காதுக்கு வந்துச்சு. அது கார்த்திகை ரெண்டாவது வாரம்.

அப்பத்தான் நங்கையோட பையனுக்குக் கல்யாணம் வந்துச்சு. தம்பி பொண்டாட்டியில்லாம சீர் நடக்குமா? பத்திரிகை வெக்க அவங்க வரலை, பையன் வந்தான். என்ற வீட்டுக்காரரு ரெண்டு நாள் சுத்திச் சுத்தி வந்து, கடைசில கேட்டாரு.

"வசந்தா, கல்யாணத்துக்கு மட்டும் டாக்டர் கிட்டச் சொல்லி அந்தத் தண்ணியை எடுத்துக்கலாமா? ஒரு வாரத்துக்குத்தான். எல்லார்த்தோடவும் நீயும் நாலு வாய் சாப்ட்டா அக்கா மனசு ஆறும்."

டாக்டரம்மா கூட, "வேணும்னா தளத்தி விடறேன், தப்பில்லை"ன்னுச்சு. நான் யோசிச்சேன். ஒரு நிமிஷம் வாயில நெய் மணம் கூட வந்துச்சுங்க, பொய் சொல்லலை. ஆனா கேட்டேன், "யாருக்காக டாக்டர் தளத்தணும்? என்ற வயித்துக்காகவா, அவங்க பார்வைக்காகவா?" பட்டை இருந்த மாதிரியே இருக்கட்டும்னு வந்துட்டேன். கல்யாணத்துக்குப் போவேன். பந்தியில உக்காருவேன். என்ற அளவுக்குச் சாப்டுவேன். பாக்கறவங்க பாக்கட்டும்.

கல்யாண மண்டபத்துப் பந்தி எப்படீன்னு உங்களுக்குத் தெரியும். நாம சாப்டறப்பவே நம்ம சேரைப் புடிச்சுட்டு அடுத்த பந்திக்காரங்க பின்னாடி நிப்பாங்க. எனக்குப் பின்னாடி ஒரு பட்டுச் சட்டைக்காரரு. பொண்ணு வீட்டுச் சைடு. நான் எலையில தண்ணி தெளிச்சேன். இனிப்பு வந்துச்சு, கையால மறைச்சேன். பொரியல், கூட்டு, வடை, எல்லாத்துக்கும் மறைச்சேன். கொஞ்சூண்டு பருப்பு, ரெண்டு ஸ்பூன் சோறு, ரசம். கை வெச்சு மசிச்சு மசிச்சு களியாட்டப் பண்ணுனேன். பையிலிருந்து என்ற சின்ன ஸ்பூனை எடுத்தேன். ஆரம்பிச்சேன்.

பக்கத்துல இருந்தவங்க சாம்பாரு, ரசம், மோருன்னு ஓடறாங்க. பாயசம் வந்துருச்சு. நான் நாலாவது வாய்ல இருக்கறேன். பன்னெண்டு நிமிஷத்துல வரிசை மொத்தமும் எலையை மடிச்சு எந்திரிச்சிருச்சு. நான் மட்டும் உக்காந்திருக்கறேன்.

சேரு லேசா ஆடுச்சு. "ஆச்சுங்களா?"ன்னாரு பட்டுச் சட்டை.

"இல்லீங்க."

பரிமாறுற மேஸ்திரி வந்தாரு. "அம்மா, எலை எடுத்தர்லாங்களா?"

"சோறு இருக்குதுங்களே."

"ஒரு ஸ்பூன்தானுங்கம்மா இருக்குது."

"ஒரு ஸ்பூன் இல்லீங்க, என்ற ஸ்பூனுக்கு எட்டு. அதைத்தான் சாப்ட்டுட்டிருக்கறேன்."

டேபிள் மேல பேப்பர் விரிச்சிருப்பாங்கல்ல. அதை ரெண்டு மொனையில இருந்தும் எலைகளோட சுருட்டிட்டு வந்தாங்க. இந்தப் பக்கம் என்ற எலை ஓரத்துல வந்து நின்னுது, அந்தப் பக்கமும் வந்து நின்னுது. ஒருத்தன் பாத்தான், கிழிச்சு எடுத்தான். என்ற எலைக்கு அடியில மட்டும் ஒரு துண்டுப் பேப்பர். ரெண்டு பக்கமும் புதுசா விரிச்சாங்க. அடுத்த பந்தி உக்காந்துருச்சு. நான் அதே எலையில. யாரோ "பாவம், வாயில ஏதோ நோவாட்ட இருக்குது"ங்கறாங்க. இன்னொருத்தி, "அந்தக் குண்டு டெய்லர்தானுங்க, எளைச்சுட்டாளாம்"ங்கறா. என்ற வீட்டுக்காரரு கை கழுவிட்டு வந்து தூணோரமா நின்னு, எந்திரிச்சு வந்திருன்னு சாடை காட்டறாரு. நான் ஸ்பூனைத் தூக்கிக் காமிச்சேன். எந்திரிக்க மாட்டேன்னு அர்த்தம். வேத்துக் கொட்டுது. ஆனா எண்ணுறதை நிறுத்தலை. இருவத்தெட்டு, இருவத்தொம்பது, முப்பது. எறங்குச்சு. அடுத்த வாய்.

பட்டுச் சட்டைக்காரரு அப்பவும் போகலை. "ஏம்மா, பெரியவங்க நிக்கறோம், சித்த வெரசா"ன்னாரு.

நான் வாய் தொறக்கறதுக்கு முன்னாடி, பின்னால இருந்து ஒரு சத்தம்.

"யாருங்க அது, எங்கூட்டுப் பொண்ணு சேரைப் புடிச்சு ஆட்டறது?"

நங்கை. மாப்பிள்ளையோட அம்மா, சரிகைப் பட்டு, கழுத்து நெறைய நகை. மேடையில இருக்க வேண்டியவங்க. "அந்தக் கடைசியில எடம் இருக்குது, அங்க போய் உக்காருங்க"ன்னாங்க. அவரு போயிட்டாரு. பக்கத்துல சாப்ட்டுட்டிருந்த புள்ளையை "சித்த தள்ளிக்க சாமி"ன்னு தள்ளி விட்டுட்டு, எனக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. என்ற மொகத்தைப் பாக்கலை. நானும் பாக்கலை.

"எனக்கும் ஒரு எலை போடு"ன்னாங்க மேஸ்திரி கிட்ட. அவரு சோத்தைக் கொட்டப் போனாரு. கையைக் காட்டி, "ரெண்டு ஸ்பூன். பருப்பு, ரசம். போதும்"னுட்டாங்க.

மசிச்சாங்க. நான் ஒரு வாய் மெல்லறேன், அவங்களும் ஒரு வாய் மெல்லறாங்க. நான் முழுங்கற வரைக்கும் அவங்க அடுத்த வாயை எடுக்கலை. காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலையாம், பின்னாடி யாரோ சொன்னாங்க. மேடையில இருந்து போட்டோக்காரன் ரெண்டு தடவை ஆள் அனுப்புனான். "வர்றேன்னு சொல்லு"ன்னாங்க. போகலை.

கடைசி வாய் முடிஞ்சுது. கடியாரத்தைப் பாத்தேன், நாப்பது நிமிஷம்.

"பசி அடங்குச்சா?"ன்னாங்க. எலையைப் பாத்துட்டுத்தான் கேட்டாங்க.

"அடங்கிருச்சுங்க நங்கை."

ரெண்டு பேரும் எலையை மடிச்சு எந்திரிச்சோம்.

அவங்க சமாதானத்துக்கு வந்தாங்கன்னு நீங்க நெனைச்சுக்காதீங்க. சம்பந்தி வீட்டு முன்னாடி தம்பி பொண்டாட்டி அவமானப்பட்டா அவங்களுக்குத்தான கேவலம், அதுக்கு வந்தாங்க. நான் செயிச்சேன், அவங்க எறங்கி வந்தாங்க. அவ்வளவுதான்.

அதோட விட்டாங்களா? அடுத்த செவ்வாய்க்கெழமை, கடை லீவு, வீட்டுக்கே வந்துட்டாங்க. தூக்குப் போசியில பச்சைப்பயறு கடைசல், துணியில வடிகட்டி நைசா. கொழையச் சோறு. "நெய் ஒரு சொட்டு விட்டிருக்கறேன், ஆகுமா?"ங்கறாங்க. எனக்குத் தெரியாதா? வேவு பாக்க வந்திருக்கறாங்க. நெசமாவே இவளுக்குச் சோறு எறங்குதா, இல்ல வேசம் போடறாளான்னு. நான் விடுவனா? அவங்க முன்னாடியே உக்காந்து போசியில இருந்ததைச் சின்ன ஸ்பூன்ல காலி பண்ணுனேன். அம்பது நிமிஷம். முட்டியைக் கட்டிட்டு எதுத்தாப்புல உக்காந்திருந்தாங்க. அடுத்த செவ்வாயும் வந்தாங்க. அதுக்கடுத்ததும். ஒரு தடவை சந்தகையையே பால்ல ஊற வெச்சு மசிச்சுட்டு வந்தாங்க, அதுவும் எறங்குச்சுங்க, நூலு கூடச் சிக்கலை. பேச்சு ஒண்ணும் பெருசா இருக்காது. "புளிப்பு சரியா இருக்குதா?", "இருக்குதுங்க." அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வேலையெல்லாம் விட்டுட்டு உக்காந்திருக்கறாங்கல்ல, உக்காந்திருக்கட்டும். என்னைய என்னென்ன பேசுனாங்க! நான் வேணும்னே இன்னும் கொஞ்சம் மொள்ள மெல்லுவேன்.

பத்து மாசம் இப்படிப் போச்சு. இப்ப மூணு வாரமா அவங்க இல்லை. மகளுக்குப் பிரசவம்னு திருச்சி போயிருக்கறாங்க, திரும்பி வர ரெண்டு மாசமாகும்னாங்க. போகட்டும், எனக்கென்ன? நான் போன் பண்ணிக் கேக்கலை. அவங்கதான் தெனமும் பண்றாங்க, "என்ன சாப்ட்ட, எவ்வளவு சாப்ட்ட"ன்னு. வேவுதான், அங்கிருந்துட்டும்.

நான் இன்னைக்குப் போறது டாக்டரம்மா கிட்டத்தானுங்க. இந்த மூணு வாரமா சோறே எறங்க மாட்டேங்குது. அதே பயறு, அதே கொழைஞ்ச சோறு, நானே வடிகட்டறேன், முப்பது தடவை மெல்லறேன். நெஞ்சுல வந்து நின்னுக்குது. செவ்வாய்க்கெழமைன்னா சுத்தமா எறங்கறதில்லை. பட்டை இறுகிப் போச்சாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் தண்ணியை எடுத்துத் தளத்தி விடச் சொல்லணும்.